உறையாத கொழுப்பு

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, மதியம், மனார்பெக் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்கள்:

மனார்பெக். எண்ணெய் ஆலையில் மூட்டை தூக்குகிறவன். வெட்டிய குதிரை அவனுடையது.

அவன் மனைவி கலம்பிர். உட்காரவில்லை, அடுப்புக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

அவர்கள் மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தி இஸ்தாய். கஜகஸ்தானின் மறுகோடியில் இருக்கும் கொஸ்தனாய்ப் பக்கத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்தவர். ரயிலில் பேச ஆள் கிடைக்காத குறையை வந்த இடத்தில் தீர்த்துக்கொண்டிருந்தார்.

ஆலை மேனேஜர் ரோமான். முப்பத்தெட்டு வயது, எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவின் ருப்ஸோவ்ஸ்கில் பிறந்தவன்.

ஸெய்னேஷ். சேயில்கானின் மனைவி.

சேயில்கான். பதினேழு வருஷமாக ஆலையின் விதைக் கிட்டங்கிச் சாவியை வைத்திருப்பவர்.

இந்த ஆறு பேரில், தன்னைத் தவிர, சேயில்கான் சந்தேகப்படாத ஒரே ஆள் சம்பந்தி இஸ்தாய்தான். விதை காணாமல்போன நாட்களில் அவர் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தார்.

போனது பன்னிரண்டு மூட்டை சூரியகாந்தி விதை. செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள், கொஞ்சம் கொஞ்சமாக. பூட்டு உடையவில்லை. சுவரில் ஓட்டை இல்லை. புதன்கிழமை ரோமான் கிட்டங்கிக்கு வந்து, நின்றபடியே சொன்னான்: "திங்கட்கிழமைக்குள்ள எனக்கு ஒரு பேரு சொல்லுங்க. இல்லன்னா சாவியக் குடுத்துருங்க."

சேயில்கானுக்கு அறுபத்தொரு வயது. பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம். இந்த வயதில் சாவி போனால் வேறு வேலை கிடையாது. திருட்டுப் பேரோடு போனால் தெருவில் சலாம் கூடக் கிடையாது.

ஒரு பேரைக் கண்டுபிடிக்க அவர் தேர்ந்தெடுத்த வழி சாப்பிடுவது.

அது முட்டாள்தனம் இல்லை. குளிர் இறுகியதும் ஊரில் வீட்டுக்கு வீடு குதிரை வெட்டுவார்கள். மார்ச் வரைக்கும் அந்தக் கறிதான். வெட்டியவன் தனியாகத் தின்ன முடியாது, அக்கம்பக்கத்தையும் கூட வேலை செய்கிறவர்களையும் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிடாமல் விட்டால் அது பகை. ஆக, திருடிய விதையைக் குதிரைக்குப் போட்டுக் கொழுக்க வைத்தவன், அந்தக் கொழுப்பைத் தன் கையாலேயே வேகவைத்துக் கிட்டங்கிக்காரன் முன்னால் கொண்டுவந்து வைப்பான். வேறு வழியே அவனுக்கு இல்லை.

உபா ஆற்றங்கரையில் யாரும் முழு விதையைக் கால்நடைக்குப் போடுவதில்லை. விளைந்தது அத்தனையும் ஆலைக்குப் போகிறது. திரும்பி வருவது எண்ணெயும் புண்ணாக்கும். புண்ணாக்கு மாட்டுக்கு. குதிரைக்கு ஓட்ஸும் காய்ந்த புல்லும். புண்ணாக்குத் தின்ற குதிரைக்கு வேர்க்கும், மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும் என்பது இந்த ஊர்ப் பேச்சு. ஓட்ஸ் தின்ற குதிரையின் விலாக் கொழுப்பு வெள்ளையாக இருக்கும், ஆறினால் உறையும். எண்ணெய் விதை தின்றால் மஞ்சளாகும், ஓடும். குதிரை எதைத் தின்கிறதோ அதைத் தோலுக்கடியில் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும். மாடு அவ்வளவு நேர்மையான பிராணி இல்லை.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று வீடுகளில் சாப்பிட்டார். மூன்றிலும் ஜன்னலோரமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். குளிர்காலத்துக்கு ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி; நடுவில் பஞ்சு அடைத்திருக்கும். பனியைப் பார்க்கிற மாதிரி திரும்பி, உள்கண்ணாடியைச் சற்றுத் திறந்து, ஒரு துண்டுக் கொழுப்பைப் பஞ்சின் மேல் வைப்பார். தேநீர் வருவதற்குள் அது மெழுகுபோல வெள்ளையாக உறைந்துவிடும். மூன்று வீடு, மூன்று மெழுகு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வயிறு நிறைந்து, மனம் வெறுத்துத் திரும்பினார். நல்லவர்கள் இவ்வளவு பேர் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

மனார்பெக் வீட்டுத் தட்டு வந்தபோது அவர் கத்தியைக்கூடத் தொடவில்லை. பார்த்தார். குதிரை விலாக்கறியைக் குடலில் அடைத்து வேகவைத்த கஸி, விரல் பருமனுக்கு நறுக்கி, வெந்த மாவுத்தகடுகளின் மேல் அடுக்கியிருந்தது. கொழுப்பு மஞ்சள். அடியில் மாவுத்தகடு எண்ணெயில் மினுமினுத்தது.

இஸ்தாய் ஒரு துண்டை எடுத்து விரல் வைத்து அளந்தார்.

"நாலு விரல் கொழுப்பு. சம்பந்தி, நீ ஈர்க்குச்சி மாதிரி இருக்க, உன் குதிரை மந்திரி மாதிரி இருந்திருக்கு."

"எனக்குக் குறைச்சுத்தான் அதுக்குப் போட்டேன்," என்றான் மனார்பெக்.

"ஆனா நெகிழ்ந்து கெடக்கே. எங்க ஊர்ல பார்லி. பார்லி தின்ன குதிரைக் கொழுப்பு பல்லுல நிக்கும், கடிச்சுத்தான் ஆகணும். இது வாயில வச்சா ஆளக் காணோம்."

"பல்லு இல்லாதவங்களுக்கு வசதி," என்றான் ரோமான்.

"எனக்கு எல்லாம் இருக்கு. ரெண்டு தங்கம்." வாயைத் திறந்து காட்டினார். "என் தம்பி துர்கிஸ்தான்ல இருக்கான். அங்க பருத்திப் புண்ணாக்கு. மாடு திங்கும். கன்னுக்குட்டிக்கு வச்சா சுருண்டு போகும், குதிரைக்குக் காட்டவே மாட்டான். இந்தப் பக்கம் ஒரேன்புர்க் எல்லையில என் சித்தப்பா மகன். அவன் காட்டுல பனி முந்திக்கிச்சுன்னா சூரியகாந்தியை அறுக்கவே மாட்டான். ஆட்டை உள்ள விட்டுருவான். பூத்தலையோட விதையோட அது பாட்டுக்குக் கடிக்கும். அந்த ஆட்டு வால்கொழுப்ப வெயில்ல வச்சா எந்திரிச்சு நடந்து போயிரும்."

"இங்க என்ன போடுறோம்னு நினைக்கிறீங்க?" என்று சேயில்கான் கேட்டார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

"இங்க புண்ணாக்குதான? வட்டம் வட்டமா, வண்டிச் சக்கரம் கணக்கா அடுக்கி வச்சிருக்கீங்களே. நேத்து சம்பந்தி கோடாலியால ஒடச்சுக்கிட்டிருந்தான். நான் விறகுன்னு நெனச்சு ரெண்டு துண்ட அடுப்புக்கிட்ட கொண்டுபோயிட்டேன்."

"அது மாட்டுக்கு," என்றான் மனார்பெக். "குதிரைக்கு ஓட்ஸ். ஓட்ஸும் புல்லும்."

அவனிடம் கேட்காத கேள்விக்கு அவனிடமிருந்து வந்த பதில். அதுவும் வேகமாக. சேயில்கான் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

மேசைக்கடியில் ஸெய்னேஷின் கை அவர் முழங்காலில் பட்டது. "சாப்பிடுங்க. ஆறுது," என்றாள்.

ஆறட்டும் என்றுதான் அவர் காத்திருந்தார்.

ரோமான் ஒரு துண்டை முள்கரண்டியில் குத்தித் தூக்கிப் பார்த்தான். அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. "எங்க அம்மா பன்னிக்குச் சூரியகாந்திப் புண்ணாக்குதான் போடுவாங்க. மன்னிக்கணும், உங்க மேசையில பன்னிய இழுக்கிறேன்."

"இழு இழு," என்றார் இஸ்தாய். "பேச்சுக்கு ஏது ஹராம்? தட்டுல வைக்காத வரைக்கும் சரி."

"ஆனா வெட்டறதுக்கு ரெண்டு மாசம் முன்ன நிறுத்திருவாங்க. நிறுத்திட்டுப் பார்லி. இல்லன்னா கொழுப்பு கெட்டிப்படாது, உப்பு ஜாடியில கூழா நிக்கும். ஒரு வருஷம் எங்க அப்பா மறந்து கடைசி நாள் வரைக்கும் போட்டுட்டாரு. அந்தக் குளிர்காலம் பூரா அம்மா அவரத் திட்டிக்கிட்டே கரண்டியால எடுத்துப் போட்டாங்க."

சொல்லிவிட்டு ரோமான் தன் தட்டைப் பார்த்தான். பிறகு மனார்பெக்கைப் பார்த்தான். பிறகு வெங்காயத்தை எடுத்துக் கடித்தான்.

இவனுக்கும் தெரிந்துவிட்டது என்று சேயில்கான் நினைத்தார். இனி யார் முதலில் சொல்கிறார்கள் என்பதுதான் பாக்கி. மேனேஜர் முதலில் சொன்னால், கண்டுபிடித்தவன் மேனேஜர். கிட்டங்கிக்காரன் பதினேழு வருஷமாகக் கண்மூடி உட்கார்ந்திருந்தவன். அவர் திரும்பி, உள்கண்ணாடியைத் திறந்து, ஒரு துண்டைப் பஞ்சின் மேல் வைத்தார். இந்த முறை மறைக்கவில்லை.

"என்ன அண்ணே, பறவைக்கா?" என்றாள் கலம்பிர்.

"பறவைக்குத்தான்."

அவள் சிரிக்கவில்லை. ஸெய்னேஷைப் பார்த்தாள். ஸெய்னேஷ் மேசைவிரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையும் சேயில்கான் கண்ணில் பட்டது. இரண்டு பெண்களுக்கும் கொஞ்ச நாளாகவே ரொம்ப நெருக்கம். வசந்தத்தில் தங்கள் மாட்டை விற்ற பிறகு ஸெய்னேஷ் பால் வாங்குவது இங்கேதான். புருஷன் திருடுகிறான் என்று கலம்பிர் இவளிடம் சொல்லியிருக்கிறாள், இவள் தன்னிடம் மறைத்துவிட்டாள். அவருக்குத் தன் மனைவி மேல் வந்த கோபம் திருடன் மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

தேநீர் வந்தது. பால் விட்ட தேநீர், வறுத்த மாவு உருண்டை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. இஸ்தாய் தன் ஊர் ரயில் நிலையத்தில் போட்ட புது பெஞ்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சேயில்கான் இரண்டாவது கிண்ணம் முடிந்ததும் எழுந்து, ஜன்னலிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேசை நடுவில் வைத்தார். விரலால் அமுக்கினார். விரல் உள்ளே போனது. கறிப்பக்கம் மட்டும் இறுகியிருந்தது, கொழுப்பு களிம்பு மாதிரி குழைந்தது.

"ஓட்ஸ் இல்ல, மனார்பெக்," என்றார்.

இஸ்தாய் குனிந்து பார்த்தார். "ஓட்ஸ் இல்லதான். நான்தான் முதல்லயே சொன்னேனே. இது புண்ணாக்குகூட இல்ல. புண்ணாக்குல எண்ணெயப் பிழிஞ்சு எடுத்துர்றாங்க, மிச்சம் என்ன இருக்கும்? இது விதை. ஒரேன்புர்க் ஆடு மாதிரியே இருக்கு." திறமையாகச் சொல்லிவிட்ட திருப்தியோடு எல்லோரையும் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தலை வலிக்குது," என்றாள் ஸெய்னேஷ். "வீட்டுக்குப் போலாம்."

"உக்காரு."

மனார்பெக், தேநீர் போதும் என்று, தன் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தான். "அண்ணே, விடுங்க. விருந்தாளி இருக்காரு."

"விருந்தாளி முன்னாலதான் கேக்கணும். இந்த ஊர்ல விதை விக்கிற கடை உண்டா? கிடையாது. கடையில இருக்கறது வறுத்த விதை, கொறிக்கிறதுக்கு, கைப்பிடி கைப்பிடியா பொட்டலம். அதப் போட்டா நாலு விரல் கொழுப்பு வைப்ப? முழு விதை ஒரே இடத்துலதான் இருக்கு. அந்தக் கதவு சாவி என்கிட்ட இருக்கு. எனக்குத் தெரியாம உன் குதிரைக்கு விதை எங்கேர்ந்து வந்துச்சு?"

"விடுங்க அண்ணே."

"உன் வீட்டு உப்பத் தின்னுட்டுக் கேக்கறேன், எனக்கும் நல்லா இல்லதான். ஆனா நாளைக்கு நான் ஒரு பேரு சொல்லியாகணும். மேனேஜர் இங்கயே இருக்காரு. சொல்லு."

மனார்பெக் மேனேஜரைப் பார்த்தான், சேயில்கானைப் பார்த்தான். "ஓட்ஸ்தான்," என்றான் மறுபடி, மெதுவாக. "ஓட்ஸ்னு வச்சுக்கோங்க. மூணாவது தடவ கேக்காதீங்க."

சேயில்கான் மூன்றாவது தடவை கேட்டார்.

கலம்பிர் கெட்டிலைத் தரையில் வைத்தாள்.

"உங்க வீட்லேர்ந்து வந்துச்சு," என்றாள். "தினமும் சாயங்காலம் நீங்க கிட்டங்கியிலேர்ந்து ஒரு வாளி கொண்டுபோறீங்கள்ல? உங்களுக்குத்தான் மாடு இல்லையே. அக்கா அத எங்க வேலிக்கு மேல தருவாங்க. நான் பால் குடுப்பேன், வெட்டும்போது ஒரு பங்கு தர்றதா பேச்சு. வியாழக்கெழம அந்தப் பங்கு உங்க வீட்டுக்கு வந்துருச்சு. நீங்களும் மூணு நாளா சாப்பிடுறீங்க. அதையும் ஜன்னல்ல வச்சுப் பாத்தீங்களா?"

அடுப்பில் ஒரு கரி உடைந்தது. இஸ்தாய் வாயருகே கொண்டுபோன மாவு உருண்டையைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"அது தரைக் கூட்டல்," என்றார் சேயில்கான்.

அவர் அதை நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். கிட்டங்கித் தரையில் சிந்தியது கூட்டுகிறவனுக்கு. அவருக்கு முன்னால் சாவி வைத்திருந்த கிழவன் அப்படித்தான் செய்தான், அவனுக்கு முன்னால் இருந்தவனும். மூட்டை இறக்கும்போது சிந்தும், விதை வழுக்கி இறங்கும் சரிவுப் பலகை வாயில் சிந்தும். சாயங்காலம் கூட்டி வாளியில் அள்ளிக்கொண்டு, தெரு நடுவில், எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போவார். மாட்டை விற்ற பிறகு அந்த வாளி எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. திருடன் யாராவது அப்படிப் போவானா? பன்னிரண்டு மூட்டையை அவர் எல்லோருடைய கோட்டுப் பையிலும் தேடினார், மூன்று வீட்டுக் குடலில் தேடினார். தன் கையில் தொங்கிய வாளி அவர் கண்ணில் படவே இல்லை.

"கூட்டல்ல மண்ணு இருக்கும், உமி இருக்கும்," என்றான் ரோமான். "குதிரை அதத் தின்னு இப்படி ஆகாது."

"சலிச்சுத்தான் குடுப்பாங்க," என்றாள் கலம்பிர். நல்லது சொல்கிறோம் என்று நினைத்திருக்கலாம்.

"கிட்டங்கியிலயே சலிப்பேன்," என்றார் சேயில்கான். "வீட்ல தூசி வேண்டாம்னு."

சொன்ன பிறகுதான் அது என்ன வாக்குமூலம் என்று அவருக்கே கேட்டது. சலித்தால் பாதி வாளிதான் தேறும். பாதி வாளியோடு அவர் எந்த நாளும் வீட்டுக்குப் போனதில்லை. மிச்சத்துக்குச் சரிவுப் பலகையைக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார். சிந்தும். சிந்தியது தரைக்கு.

ரோமான் மனதுக்குள் ஏதோ போட்டுப் பார்த்தான். "எட்டு மூட்டை வரும்," என்றான்.

"போனது பன்னிரண்டு," என்றார் சேயில்கான். "அப்ப மிச்சம் நாலு?"

"எட்டுக்குப் பேரு கிடைச்சிருச்சு. நாலும் அதே பேர்ல போகட்டும்."

"மேனேஜர், நாலு மூட்டைய வேற ஒருத்தன்..."

"நீங்க இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கீங்க," என்றான் ரோமான். கோபம் இல்லை. அலுப்புத்தான் இருந்தது. எழுந்து தொப்பியை எடுத்தான். "வாங்க. இன்னைக்கே முடிச்சிரலாம். போலீஸெல்லாம் வேண்டாம். எனக்கு அதுக்கு நேரம் இல்ல. மனார்பெக், நீயும் வா."

ஸெய்னேஷ் எழவில்லை. சேயில்கான் கோட்டை மாட்டும்போது அவளைப் பார்த்தார்.

"நீ சொல்லியிருக்கலாம்," என்றார்.

"என்னத்தச் சொல்ல? கால்ல தட்டினேன். கறி ஆறுதுன்னேன். தலைவலின்னேன். இன்னும் என்ன, நெத்தியில எழுதிக் காட்டணுமா?" மேசைவிரிப்பிலிருந்து கையை எடுத்தாள். "நீங்க தேடுறது என்னன்னே எனக்கு இங்க வந்துதான் தெரியும். வீட்ல என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? என்னையும் சேத்துத்தான சந்தேகப்பட்டீங்க?"

உண்மை அதுதான்.

ஆலைக்கு நானூறு அடி. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக, பனியில் வெட்டிய ஒற்றைத் தடத்தில் நடந்தார்கள். மேனேஜர் முன்னால், சேயில்கான் நடுவில், மனார்பெக் பின்னால். முதுகில் மனார்பெக்கின் மூச்சு கேட்டது. சேயில்கான் அந்த மூன்று தடவையையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். 'விடுங்க அண்ணே.' என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னானா? மேனேஜர் முன்னால் என் பேர் வரக் கூடாது என்று பழியைத் தன் மேல் வாங்கிக்கொள்ளப் பார்த்தானா? அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒருவன் விடு, விடு என்றால் எதிரில் இருப்பவன் விடுவானா, கேட்பானா? மூணாவது தடவ கேக்காதீங்க என்று சொன்னால், எந்த மனிதன் கேட்காமல் இருப்பான்? என்னைப் பதினேழு வருஷமாகத் தெரிந்தவன் அவன். நான் கேட்பேன் என்று அவனுக்குத் தெரியாதா?

கிட்டங்கியை அவரே திறந்தார். உள்ளே போய்த் தன் சாமான்களை எடுத்தார். கம்பளிப் பூட்ஸ் ஒரு ஜோடி, ஒரு கண்ணாடித் தம்ளர், தேய்ந்துபோன ஒரு சல்லடை. ரோமான் சல்லடையைப் பார்த்தான். விதைக் குவியல் கூரை வரைக்கும் இருந்தது, கறுப்பாக, பளபளவென்று. எட்டு மூட்டையோ பன்னிரண்டோ, குறைந்த மாதிரியே இல்லை.

வாசற்படி தாண்டி வெளியே வந்து சாவியை ரோமானிடம் கொடுத்தார். ரோமான் அதைக் கையில் புரட்டிப் பார்த்துவிட்டு மனார்பெக்கிடம் நீட்டினான்.

"வேற ஆள் வர்ற வரைக்கும் நீ பாத்துக்க."

"எனக்கு வேண்டாம் மேனேஜர்," என்றான் மனார்பெக். "அண்ணன் நிக்கும்போது நான் எப்படி..."

கையுறையை அவன் முன்பே கழற்றியிருந்தான். கை நீண்டிருந்தது. பேச்சு முதலில் வந்ததா கை முதலில் நீண்டதா என்பதைச் சேயில்கான் பார்க்கத் தவறிவிட்டார். அது அவரை மிகவும் தொந்தரவு செய்தது.

"பூட்டு," என்றான் ரோமான். "குளிருது."

மனார்பெக் கதவை இழுத்துச் சாத்தினான். அந்தப் பழைய பூட்டு சும்மா சாவியைத் திருப்பினால் திரும்பாது. பூட்டின் உடலை இடது கையால் மேலே தூக்கி, கதவை முழங்காலால் உள்ளே அழுத்தி, அரைச் சுற்றுப் பின்னால் போய், அப்புறம்தான் முன்னால் திருப்ப வேண்டும். போன மார்ச்சில் ஆபீஸ் ஆணியில் தொங்கும் மாற்றுச் சாவியோடு ரோமானே கால் மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுச் சேயில்கானைக் கூப்பிட்டனுப்பினான். இந்த வித்தையை அவர் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மனார்பெக் இடது கையால் பூட்டைத் தூக்கினான். முழங்காலைக் கதவில் வைத்தான். அரைச் சுற்றுப் பின்னால், பிறகு முன்னால். முதல் தடவையிலேயே, நடக்கத் திரும்பிவிட்ட சேயில்கானின் முதுகுக்குப் பின்னால், கதவு பூட்டிக்கொண்டது.